ரெட்டைத் தண்ணி

எண் 1 / 2025
12 ஜனவரி 2025, ஞாயிற்றுக்கிழமை, காலை 10 மணி 40 நிமிடம். இராஜபாளையம்.
பொருள்: சிவரஞ்சனி வந்து சென்றமை.

பதினோராண்டுகளுக்குப் பின் என் தம்பி பேச்சிமுத்துவின் வீட்டிலிருந்து ஒருவர் இவ்வீட்டுப் படியேறினார். அவன் மகள் சிவரஞ்சனி. ஸ்ரீவில்லிபுத்தூரில் 8.15 மணிப் பேருந்து ஏறி 8.50க்கு வந்து சேர்ந்தாள். கிருஷ்ணன்கோவிலில் ஒரு பொறியியல் கல்லூரியில் கணினித் துறை விரிவுரையாளர். நான் கடைசியாகப் பார்த்தபோது அவளுக்கு வயது இருபத்தொன்று, இப்போது முப்பத்திரண்டு.

கொண்டுவந்தது ஒரே தாள். ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே, மலையடிவாரத்தில், எங்கள் தகப்பனார் விட்டுச்சென்ற நிலத்தை நானும் தம்பியும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டோம். கிணறும் மோட்டாரும் மட்டும் பொது. தன் பாதியைக் கிணற்றுப் பங்கோடு சேர்த்து வெளியாருக்கு விற்றுவிட அவன் தீர்மானித்திருக்கிறான். வாங்குகிறவர், எனக்கு ஆட்சேபம் இல்லை என்று எழுத்து கேட்கிறார். மார்ச் முடிவதற்குள் வேண்டுமாம்.

நான் கையொப்பமிடவில்லை. காரணத்தை இங்கே மறுபடி பதிவுசெய்கிறேன். 2013ஆம் ஆண்டுக் கோடையில், நெல் காய்கிறதென்று கெஞ்சி, என் தண்ணீர் முறைகளைத் தம்பி கைமாற்றாக எடுத்துக்கொண்டான். முறை என்பது ஒரு பகல் முழுதும் மோட்டார் போட்டுப் பாய்ச்சும் உரிமை. எடுத்தது பதினேழு முறை. தனி நோட்டில் தேதிவாரியாக இருக்கிறது. அவனோ பதினான்கு என்றான். மூன்று நாள் கரண்டு வரவில்லை, வராத நாள் முறையாகாது என்று வாதித்தான். பதினான்கைத் திருப்பித் தர வந்தபோது நான் ஏற்கவில்லை. பதினேழு என்றால் பதினேழு. அன்று நின்றது பேச்சு.

"பதினேழை அவன் எழுத்தில் ஒப்புக்கொள்ளட்டும். மறு நிமிடம் கையெழுத்து" என்றேன்.

அடுக்களையிலிருந்து என் மனைவி பாலம்மாள், "கோர்ட்டு வேலைய விட்டுப் பதினெட்டு வருசமாச்சு. இன்னும் வாய்தா போடுத புத்தி போகல" என்றாள்.

சிவரஞ்சனி சிரிக்கவில்லை. திருத்த வேண்டிய விடைத்தாள் கட்டொன்றை மடியில் வைத்திருந்தாள். பேச்சை மாற்றவே, என்ன பாடம் என்று கேட்டேன்.

"பெரியப்பா, நீங்க ஆவண அறையில முப்பத்தெட்டு வருசம் எல்லாத்தையும் ஞாபகம் வச்சிருந்தீக. நான் நடத்துறது ஞாபகமே இல்லாத மெஷினப் பத்தி."

"ஞாபகமே இல்லையென்றால்?"

"இப்ப எந்த ஸ்டேட்ல நிக்கோம்கிறது மட்டுந்தான் அதுக்குத் தெரியும். எப்பிடி வந்தோம், எம்புட்டு தூரம் வந்தோம், ஒண்ணும் தெரியாது."

ஸ்டேட் என்பதற்கு 'நிலை' என்று சொல்லக் கூடாதா என்றேன். அவள் முகம் மலர்ந்துவிட்டது. "சரியாப் போச்சு! நம்ம தேர் நிலைக்கு வந்துருச்சுன்னு சொல்றோம்ல, அதே. தேருக்கு இப்ப எந்தத் தெருவுல நிக்கோம்னு தெரியும். எத்தனாவது வருசம்னு தெரியுமா?"

பிறகு விடைத்தாள் உறையின் பின்புறத்தில் மூன்று வட்டங்கள் வரைந்தாள். மூன்று அறைகள் என்று வைத்துக்கொள்ளச் சொன்னாள். முதல் அறையில் தொடங்கி, எவ்வளவு நீளமான எண்ணானாலும் ஒவ்வோர் இலக்கமாகப் படிக்க வேண்டும். 0, 3, 6, 9 வந்தால் இருந்த அறையிலேயே இரு. 1, 4, 7 வந்தால் அடுத்த அறைக்குப் போ. 2, 5, 8 வந்தால் ஓர் அறையைத் தாண்டிப் போ. மூன்றாம் அறைக்கு அடுத்தது முதல் அறை. எண் முடிகையில் முதல் அறையில் நின்றால் அது மூன்றால் மீதியின்றி வகுபடும். அவ்வளவுதான்.

10.10 பேருந்துக்குப் போய்விட்டாள். உறையை விட்டுச் சென்றிருக்கிறாள்.


எண் 2
13 ஜனவரி 2025, திங்கட்கிழமை, பகல் 2.15.

ஓய்வூதிய எண், மின் இணைப்பு எண், வீட்டு வரி எண், பழைய ரேஷன் அட்டை எண் என்று கைக்குக் கிடைத்தவற்றையெல்லாம் தொடராக எழுதி இருநூறு இலக்க எண் ஒன்றை உண்டாக்கினேன். மூன்றால் வகுத்து முடிக்க ஒரு மணி முப்பத்தைந்து நிமிடம் பிடித்தது. மீதி 2.

மூன்று அறைகளில் விரலை வைத்து நடந்தேன். நான்கு நிமிடம். விரல் மூன்றாம் அறையில் நின்றது. மீதி 2.

இருநூறாவது இலக்கத்தில் நிற்கையில் முந்தைய நூற்றுத் தொண்ணூற்றொன்பதில் ஒன்றைக்கூட இந்தப் பொறி வைத்திருக்கவில்லை. ஆயினும் தவறவில்லை. இருநூறு கோடி இலக்கமானாலும் தவறாதாம். நான்காவது அறை தேவைப்படாதாம். ஆவண அறையில் ஓர் இலட்சத்துக்கு மேற்பட்ட கட்டுகளைக் காத்தவன் நான். எதையும் காக்காமல் சரியாக இருக்க முடியும் என்று எனக்கு எவரும் சொன்னதில்லை.


எண் 3
16 ஜனவரி 2025, வியாழக்கிழமை, காலை 7.05.

பொங்கல் முடிந்தது. பாலம்மாள் கேட்கிறாள்: "உறையில வட்டம் வட்டமாப் போட்டு விரல வச்சுத் தடவிக்கிட்டு இருக்கீகளே, ஏதும் சோசியமா?"

ஏழால் வகுபடுவதற்கு ஏழு அறை வைத்து நானாகவே ஒரு பொறி அமைத்தேன். முதலில் பிழை, அடுத்த இலக்கத்துக்குப் போகுமுன் மீதியைப் பத்தால் பெருக்க மறந்திருந்தேன். திருத்தியபின் சரி.


எண் 4
19 ஜனவரி 2025, ஞாயிற்றுக்கிழமை, மாலை 5.30.

சிவரஞ்சனியைத் தொலைபேசியில் அழைத்தேன். தம்பியைப் பற்றி இருவரும் பேசவில்லை. என் துறையிலிருந்தே ஒரு கணக்கைக் கொடுத்தேன். காலையில் ஆவண அறையிலிருந்து கட்டுகள் ஒவ்வொன்றாக வெளியே போகின்றன. எல்லாம் போன பிறகு, மாலையில் ஒவ்வொன்றாகத் திரும்புகின்றன. போனது எத்தனையோ வந்ததும் அத்தனையா? வாசலில் நிற்கும் பொறி இதைச் சொல்லுமா?

"சொல்லாது பெரியப்பா."

"எங்கள் தபேதார் வாசலில் நின்றே சொல்வார்."

"அவர் சீட்டுல குறிச்சிருப்பார். இதுக்கு எழுதத் தாள் கிடையாது. அறை மட்டுந்தான்."

அறைகளைக் கூட்டிக்கொண்டால் ஆகிறது என்றேன். "எத்தன வேணும்னாலும் வைங்க" என்று சொல்லிச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.


எண் 5
22 ஜனவரி 2025, புதன்கிழமை, காலை 11.00.

பத்து அறை வைத்தேன். அவள் பதினொரு கட்டு அனுப்பினாள். தோற்றது.

நாற்பது அறை வைத்தேன். "நாப்பத்தொண்ணு" என்று மட்டும் குறுஞ்செய்தி வந்தது.


எண் 6
27 ஜனவரி 2025, திங்கட்கிழமை, மாலை 4.20.

ஒன்பது நாள் முயற்சியைக் கைவிடுகிறேன். தோல்வியால் வருத்தம் இல்லை, வியப்பே மிஞ்சியிருக்கிறது.

அவள் காட்டிய நிரூபணம் ஒரே மூச்சில் சொல்லத்தக்கது. நாற்பது அறை. கட்டுகள் ஒவ்வொன்றாக வெளியேற, நாற்பத்தொன்று போவதற்குள் பொறி ஏற்கெனவே நின்ற ஓர் அறையில் மறுபடி நின்றாக வேண்டும். வேறு அறை இல்லை. பன்னிரண்டாம் கட்டுக்கும் முப்பத்தொன்றாம் கட்டுக்கும் ஒரே அறை என்று வைத்துக்கொள்வோம். அந்த அறையில் நிற்கும் பொறிக்குப் போனவை பன்னிரண்டா முப்பத்தொன்றா என்று தெரியவே தெரியாது. மாலையில் பன்னிரண்டு திரும்பினால் இரண்டு நாளுக்கும் ஒரே தீர்ப்பைத்தான் சொல்லும். ஒரு நாள் அது பொய்.

நாற்பதுக்குப் பதில் நாற்பது இலட்சம் அறை கட்டினாலும் இதே வாதம் நிற்கிறது. எந்த மேதையாலும், எக்காலத்திலும் மீற முடியாது. நான் பார்த்த எந்தத் தீர்ப்புக்கும் மேல்முறையீடு உண்டு. இதற்கு இல்லை. வெகு நேரம் நாற்காலியிலேயே அமர்ந்திருந்தேன். பாலம்மாள் வந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.


எண் 7
29 ஜனவரி 2025, புதன்கிழமை, காலை 9.10.

கடைசியாக ஒன்று கேட்டேன். ஒரே முறை படிப்பதால்தானே குறை; பொறியை முன்னும் பின்னும் போய் எத்தனை தடவை வேண்டுமானாலும் படிக்க விட்டால்?

"விடலாம். ஆனா ஒண்ணும் கூடிடாது பெரியப்பா. புதுசா ஒரு எழுத்துகூட எழுத முடியாதவரைக்கும், திரும்பத் திரும்பப் படிச்சாலும் முன்ன தெரிஞ்சதுக்கு மேல தெரியாது. இதையும் நிரூபிச்சிருக்காங்க."

என் தலையும் இப்படித்தானா என்றேன்.

"எல்லாத் தலையும். உங்களுக்கு அறை கொஞ்சம் கூட."

பதினேழு முறை நோட்டை அலமாரியிலிருந்து எடுத்துப் பார்த்துவிட்டு வைத்தேன். பதினோராண்டில் எத்தனை தடவை எடுத்தேன் என்பதற்கு மட்டும் குறிப்பு இல்லை.


எண் 8
31 ஜனவரி 2025, வெள்ளிக்கிழமை, காலை 8.00.

ஒற்றைப்படைத் தேதி, நமது முறை. என் பாதியை விளைச்சலில் பங்குக்கு உழும் மாரிசெல்வம் தென்னைக்குத் தண்ணீர் பாய்ச்சுவதாகத் தொலைபேசியில் தெரிவித்தான்.


எண் 9
1 பிப்ரவரி 2025, சனிக்கிழமை, பகல் 12.30.

ஒற்றைப்படைத் தேதி, நமது முறை.

இன்று சிவரஞ்சனிக்குக் காட்டுவதற்காக எங்கள் கிணற்றையே ஒரு பொறியாக வரையத் தொடங்கினேன். 2014 ஜனவரி முதல் நாள் தொட்டு நடைமுறையில் உள்ள ஏற்பாடு என்னுடையது: ஒற்றைப்படைத் தேதி எனக்கு, இரட்டைப்படைத் தேதி தம்பிக்கு. வெள்ளைத் தாளில் எழுதி, மாரிசெல்வம் கையில் இரண்டு படி கொடுத்தனுப்பினேன். இனி நோட்டும் வேண்டாம், சண்டையும் வேண்டாம், நாள்காட்டியே நீதிபதி என்று எண்ணினேன். அன்றே நான் இரண்டு அறைப் பொறி ஒன்றை அமைத்திருக்கிறேன், இவள் பாடத்தைப் படிக்காமலே! பெருமிதத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

மாலை 6.45. தொடர்ச்சி.

மாரிசெல்வம் தேங்காய் கொண்டுவந்து போட்டான். வேட்டியெல்லாம் சேறு. "இவ்வளவு நேரமா பாய்ச்சினாய்?" என்றேன்.

"ரெட்டைத் தண்ணில்லா அய்யா. நேத்துப் பாய்ச்சி மிச்சம் கெடந்ததுக்கு இன்னைக்கி."

"ரெட்டைத் தண்ணியா? அது என்ன?"

"மாசக் கடைசி முப்பத்தொண்ணும் ஒண்ணாந் தேதியும் நமக்குத்தான அய்யா? அடுத்தடுத்து ரெண்டு நாள். அதான் ரெட்டைத் தண்ணி. பக்கத்துக் காட்டுக்காரவுக எல்லாரும் சொல்லுவாக, 'ஒங்க அய்யா கோர்ட்டு மூளைடா'ன்னு."

அவன் போய்விட்டான்.

முப்பத்தொன்று ஒற்றை. ஒன்று ஒற்றை. பொறி அறை மாறவில்லை. மாறவே இல்லை — மாதம் திரும்புகிற இடத்தில் அது நின்ற அறையிலேயே நிற்கிறது. தேதியைச் சரியாகத்தான் படித்திருக்கிறது. தேதிதான் — ஐயோ, இது எனக்கு எப்படித் தெரியாமப் போச்சு? நாளும் கிழமையும் தப்பாதவன்னு பேர் வாங்கினவன் நான். முட்டாப்பயலே, முப்பத்தொண்ணுக்கு அப்புறம் ஒண்ணுதானே வரும்!


எண் 10
2 பிப்ரவரி 2025, ஞாயிற்றுக்கிழமை, காலை 6.20.

இரட்டைப்படை. தம்பி முறை.

கணக்கிட்டேன். முப்பத்தொரு நாள் மாதங்கள் ஆண்டுக்கு ஏழு. ஒவ்வொன்றிலும் எனக்கு ஒரு நாள் மிகை. பதினோராண்டில் எழுபத்தேழு. 2016, 2020, 2024 ஆகிய ஆண்டுகளில் பிப்ரவரிக்கு இருபத்தொன்பது நாள், அதில் மூன்று. இவ்வாண்டு ஜனவரியில் ஒன்று. ஆக எண்பத்தொன்று.

தம்பியிடம் பதினேழு கேட்டு நின்றவன் எண்பத்தொன்று எடுத்திருக்கிறேன். விதி வந்தபின் குறிப்பு எதற்கென்று நோட்டை நிறுத்தியதும் நானே. இன்று யார் முறை என்று மட்டும் அறிந்த பொறியிடம் இதுவரை யாருக்கு எத்தனை என்று கேட்க முடியாது. அதற்கு அறை இல்லை. அந்த நிரூபணத்தை ஆறு நாள் முன்பு வியந்து எழுதினேன். அது என் வாசலில் நின்றுகொண்டு என்னைப் பற்றித்தான் சொல்லியிருக்கிறது.


எண் 11
5 பிப்ரவரி 2025, புதன்கிழமை.

எழுத ஒன்றும் இல்லை.


எண் 12
9 பிப்ரவரி 2025, ஞாயிற்றுக்கிழமை, பகல் 3.50.
பொருள்: ஸ்ரீவில்லிபுத்தூர் சென்று வந்தமை.

9.20 பேருந்து. பாலம்மாளிடம் சொல்லாமல் போக நினைத்தேன். அவள் வெளுத்த வேட்டியை எடுத்து நீட்டினாள். "அவரு காலைப் பிடிக்க வேண்டியதில்ல. உக்காந்து பேசுங்க, போதும்."

தம்பி முன்னறையில் மருந்தடிக்கிற பம்பைப் பிரித்துப் போட்டுக்கொண்டு தரையில் அமர்ந்திருந்தான். முட்டியில் பட்டி கட்டியிருந்தான். தலை முழுக்க நரைத்துவிட்டது. நிமிர்ந்து பார்த்து, "வாங்கண்ணே" என்றான். பதினோராண்டுக்கு முன் எப்படிச் சொல்வானோ அப்படியே.

நான் உட்காரவில்லை. "பேச்சி, எண்பத்தொன்று" என்றேன்.

"என்னது எம்பத்தொண்ணு?"

"முப்பத்தொன்றும் ஒன்றும். இரண்டும் ஒற்றை."

அவன் பம்பின் வாஷரைத் துடைத்துக்கொண்டிருந்தான். "ஆமா" என்றான்.

"உனக்குத் தெரியுமா?"

"மொத வருசமே தெரியும். பிப்ரவரி ரெண்டாந் தேதி நம்ம முறைதானன்னு மொத நாளே மண்வெட்டியப் போட்டு வைப்போம்னு போனேன். மாரிசெல்வம் தண்ணி கட்டிக்கிட்டு நிக்கான். 'ஏலே, நேத்தும் நீதானல?'ன்னேன். 'அய்யா எழுதிக் குடுத்தபடி'ன்னான். திரும்பி வந்துட்டேன்."

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?"

வாஷரைக் கீழே வைத்தான். பொறவு — பிறகு சொன்னான்: "நீங்க தெரியாமச் செஞ்சீகளா, தெரிஞ்சு செஞ்சீகளான்னு எனக்குத் தெரியாதுண்ணே. போய்க் கேட்டு, 'தெரிஞ்சுதான்டா செஞ்சேன்'னு சொல்லிப்புட்டீகன்னா? கேக்காம இருந்தா பாதியாவது மிஞ்சும்ல."

நான் உட்கார்ந்தேன்.

சிவரஞ்சனி தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். அவள் கண் கலங்கியிருந்தது. "தெரியாது பேச்சி. சத்தியமாத் தெரியாது" என்று மட்டும் சொன்னேன். "தெரியுது, மொகத்தைப் பார்த்தாலே" என்றான்.

ஏன் விற்கிறாய் என்றேன். முட்டி ஒரு காரணமாம். "ரெண்டு பேரு பேசாம ஒரு கிணத்தை வச்சுக்க முடியாதுண்ணே. தூரு வாரணும்னா மாரிசெல்வம் மூலமாத் தாக்கல். மோட்டாரு காயில் போச்சுன்னா மாரிசெல்வம் மூலமாத் தாக்கல். அவன் என்ன தபாலாபீசா? அலுத்துப் போச்சு."

முறைகளைத் திருப்பித் தருவதாகச் சொன்னேன். கையை ஆட்டி மறுத்தான். "பழசு வேண்டாம். இனிமே எப்பிடி? அதச் சொல்லுங்க."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். சாப்பிட வைத்துத்தான் விட்டார்கள்.


எண் 13
10 பிப்ரவரி 2025, திங்கட்கிழமை, காலை 10.15.

அவன் வேண்டாம் என்றாலும் எனக்குக் கணக்குத் தீர வேண்டும். எண்பத்தொன்றில் பதினேழு கழித்தால் அறுபத்துநான்கு. பதினான்கு கழித்தால் அறுபத்தேழு. எதைக் கழிப்பது என்று யோசித்துக்கொண்டிருக்கையில் வாய்விட்டுச் சொல்லிவிட்டேன் போலும்.

"அடக் கடவுளே! இப்பவும் அந்த மூணு நாள விடலயே மனுசன்!" என்று பாலம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு அடக்க முடியாமல் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. எழுபத்தாறு வயதில் கண்ணில் நீர் வரச் சிரிப்பது மார்புக்கு நல்லதா என்று தெரியவில்லை.


எண் 14
16 பிப்ரவரி 2025, ஞாயிற்றுக்கிழமை, மாலை 6.00.

சிவரஞ்சனி வந்திருந்தாள். இந்தத் தடவை தாள் எதுவும் கொண்டுவரவில்லை.

கிணற்றை வைத்தே பேசினோம். நீ பதினேழு எடு, நான் பிறகு பதினேழு எடுத்துக்கொள்கிறேன் என்றால் வித்தியாசத்துக்கு எல்லை இல்லை. எல்லையில்லாததை நினைவில் வைக்க முடிவுள்ள அறைகள் போதா. அங்கேதான் நோட்டு வருகிறது, நோட்டோடு சண்டையும். "ஆனா பெரியப்பா, ஒருத்தர் பாய்ச்சினா அடுத்தது மத்தவர்தான்னு வச்சுட்டா? எத்தனை வருசம் ஓடினாலும் ரெண்டு பேருக்கும் உள்ள வித்தியாசம் ஒண்ணத் தாண்டாது. ஒண்ணு, இல்லேன்னா சைபர். அதுக்கு ரெண்டே அறை போதும்."

தேதியைப் பார்க்கக் கூடாது. மாதத்தைப் பார்க்கக் கூடாது. நாள்காட்டியைக் கிணற்றுக்குள் விடாதே என்பதுதான் முழு விதியும். கடைசியாகப் பாய்ச்சியது யார் என்பது ஒன்றே போதும்.

கரண்டு இல்லாத அந்த மூன்று நாள்களைப் பற்றி நானே கேட்டேன். "பாய்ச்சி முடிச்சாத்தான் அறை மாறும். கரண்டு வரலேன்னா மாறாது" என்றாள். அப்படியானால் 2013இல் பேச்சிமுத்து சொன்னதே சரி. பதினான்கு. அவன் பள்ளிக்கூடம் போனது எட்டாம் வகுப்பு வரை.

என்னை மலைக்க வைப்பது இது: எண்ணிப் பார்த்து நீதி செய்வதற்கு உலகத்துத் தாள் முழுவதும் போதாது. எண்ண வேண்டிய தேவையே எழாமல் நீதி செய்வதற்கு இரண்டு அறை போதும். நாங்கள் இருவரும் போய், எங்கள் பிள்ளைகளும் போய், கிணறு மட்டும் இருந்தாலும் அந்த வித்தியாசம் ஒன்றைத் தாண்டாது. தாண்ட முடியாது. இப்படி ஒரு பொருள் உலகில் இருப்பதை அறியாமலே நான் செத்திருப்பேனே!


எண் 15
20 பிப்ரவரி 2025, வியாழக்கிழமை, பகல் 1.40.

ஒரு சாண் அகலப் பலகை. ஒரு முகம் வெள்ளை, எனக்கு. மறு முகம் சிவப்பு, அவனுக்கு. மோட்டார் அறையில் ஸ்டார்ட்டர் பெட்டியின் கொக்கியிலேயே மாட்டியாயிற்று. மோட்டாரை நிறுத்துகிறவன் கை அதில் படாமல் போகாது. பாய்ச்சி முடித்தவன் பலகையைத் திருப்பி மாட்ட வேண்டும்.

முதலில் சிவப்பு முகம்தான் வெளியே என்றேன். தம்பி, "காசைச் சுண்டுவோம்ணே" என்றான். சுண்டினோம். அவனுக்கே விழுந்தது.

மாரிசெல்வத்துக்கு மட்டும் வருத்தம். "ரெட்டைத் தண்ணி போச்சே அய்யா."


எண் 16
26 பிப்ரவரி 2025, புதன்கிழமை, காலை 9.30.

மாரிசெல்வம் தொலைபேசியில்: "நேத்து முச்சூடும் கரண்டு இல்ல அய்யா. பலகை செவப்புலயே இருக்கு. இன்னைக்கும் சின்னய்யாவுக்குத்தான்." குரலில் சண்டை இல்லை. நேற்று என்ன நடந்ததென்று பலகைக்குத் தெரியாது. தெரியாமலே சரியாகச் சொல்லிவிட்டது.


எண் 17
1 மார்ச் 2025, சனிக்கிழமை, காலை 7.45.

ஒற்றைப்படைத் தேதி. இன்று முறை யாருடையது என்று எனக்குத் தெரியாது. கேட்டு அறியவும் இல்லை.


எண் 18
14 மார்ச் 2025, வெள்ளிக்கிழமை, மாலை 4.10.
பொருள்: தம்பி பேச்சிமுத்துவுக்கு அனுப்பும் கடிதம்.

இன்று மாரிசெல்வம் ஒரு செய்தி சொன்னான். தம்பி தன் பாதியின் வடக்கு வரப்போரம் இருபத்திரண்டு குழி வெட்டியிருக்கிறானாம். ஆடியில் தென்னம்பிள்ளை வைக்கவாம். மார்ச்சில் நிலத்தைக் கைமாற்றுகிறவன் ஆடிக்குக் குழி வெட்டுவதில்லை. ஆயினும் அதை நானாக அனுமானித்துக்கொள்ள எனக்கு உரிமை இல்லை; அனுமானம் செய்த வகையில் பதினோராண்டு போதும். ஆகவே அவன் கேட்டதைக் கொடுத்துவிடுகிறேன். கடிதத்தின் படி:

"அன்புள்ள தம்பிக்கு, நலம். நலமறிய ஆவல். உன் முட்டிக்கு உன் அண்ணி எண்ணெய் காய்ச்சி வைத்திருக்கிறாள்; நேரில் வந்து வாங்கிக்கொள்ளச் சொல்கிறாள், கொடுத்தனுப்ப மாட்டாளாம். ஞாயிற்றுக்கிழமை 8.15 பேருந்தில் கூட்டம் குறைவு. 2013ஆம் ஆண்டு விவகாரத்தில் நீ சொன்னதே சரி, நான் சொன்னது தவறு. இதற்குமேல் எனக்கு எழுதத் தெரியவில்லை. இப்படிக்கு, உன் அண்ணன், இருளப்பசாமி."

இணைப்பு:
1. தண்ணீர் முறை நோட்டு, அசல், 2013. என்னிடம் படி இல்லை.
2. நான் மிகையாக எடுத்த எண்பத்தொரு நாள்களின் பட்டியல், தேதிவாரியாக, என் கையொப்பத்துடன்.
3. மூன்று வட்டங்கள் வரைந்த உறை. சிவரஞ்சனியிடம் சேர்ப்பிக்க, விரல் பட்டு மை கலைந்திருப்பதற்கு மன்னிக்கவும்.
4. நிலத்தையும் கிணற்றுப் பங்கையும் நீ விற்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை என்ற கடிதம். கையொப்பமிட்டுள்ளேன். தேதி இடவில்லை. அது உன்னுடையது.